வரிக்கு வரி மாறும் மாறிலி

இங்கே கரும்பலகையை ஈரத்தால் துடைக்கிறார்கள். போலந்தின் வ்ரோத்ஸ்வாஃப் நகரத்தில் நான் ஆய்வு செய்யும் கணிதத் துறையில், ஒவ்வொரு வகுப்பறையிலும் பலகைக்குப் பக்கத்தில் ஒரு தண்ணீர்க் குழாய் உண்டு. எழுதி முடித்தவர் பெரிய பஞ்சு ஒன்றை நனைத்து மேலிருந்து கீழாகத் துடைப்பார். பிறகு கார்க் கண்ணாடியில் தண்ணீரை வழிப்பதற்கு இருப்பதுபோன்ற ஒரு ரப்பர்ப் பட்டையால் மிச்ச ஈரத்தை இழுத்து விடுவார். அதன்பிறகு எல்லோரும் பலகை காயும்வரை காத்திருப்பார்கள். யாரும் தொலைபேசியை எடுப்பதில்லை, பக்கத்தில் இருப்பவருடன் கதைப்பதும் இல்லை. ஈரம் ஓரங்களிலிருந்து உள்ளே சுருங்கிக்கொண்டு போவதை, சந்தியில் நின்று பஸ் வருகிறதா என்று பார்ப்பவர்களைப்போல, படித்த பெரிய மனிதர்கள் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

வந்த புதிதில் எனக்கு இது தெரியாது. எங்கள் பக்கத்தில் ஆசிரியர் எழுதி முடித்தால் முன்வாங்குப் பிள்ளை எழுந்துபோய்ப் பலகையை அழிக்கும். அது ஒரு மரியாதை. பாடசாலைக் காலத்தில் அதற்காகச் சண்டை பிடித்தும் இருக்கிறோம். என் மேற்பார்வையாளர் மாக்டா, இங்கத்தைய முறையில் சொன்னால் பானி புரொஃபெசோர், அதாவது பேராசிரியர் அம்மா, ஒரு கருத்தரங்கில் பலகை நிறைய எழுதிவிட்டு ஓரடி பின்னால் நின்று இடுப்பில் கைவைத்தபடி பார்த்துக்கொண்டிருந்தார். யாருமே எழும்பவில்லையே என்று நான் விறுவிறுவென்று போய்ப் பஞ்சை நனைத்து இடப்பக்கத்தை முழுவதும் துடைத்துவிட்டேன். அவர் அடுத்ததாகப் பயன்படுத்த இருந்த சமனிலி அதில்தான் இருந்தது. பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். மாக்டா கோபப்படவில்லை. பஞ்சை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு, "துடைக்கும் நேரத்தில்தான் நான் யோசிப்பேன்" என்று ஆங்கிலத்தில் சொன்னார். வேலையைக் குறைத்துக் கொடுத்தேன் என்று நினைத்திருந்தேன். அவருடைய ஓய்வைப் பறித்திருக்கிறேன் என்று பிறகுதான் விளங்கியது.

இதை இரண்டு வகையான ஆட்களுக்காக எழுதுகிறேன். ஒன்று, ஊரிலிருந்து "என்ன படிக்கிறாய்" என்று கேட்பவர்கள். இரண்டு, என்னைப்போல வெளியே வந்து, "அதைப் படிச்சு என்ன வேலை எடுப்பாய்" என்று கேட்பவர்கள். இரண்டாவது கேள்விக்கு இன்னும் பதில் இல்லை. முதலாவதுக்குச் சொல்லிப் பார்க்கிறேன்.

ஒரு நீண்ட இரும்புக் கம்பியை எடுத்துக்கொள்ளுங்கள். சில இடங்களில் சூடு, சில இடங்களில் குளிர். அப்படியே விட்டால் சூடு பரவிப் பரவிக் கம்பி ஒரு சமநிலைக்கு வரும். இரண்டு நிமிடம் விட்டுப் பிறகு மூன்று நிமிடம் விடுவதும், ஒரேயடியாக ஐந்து நிமிடம் விடுவதும் ஒன்றுதான். காலத்தை இப்படிக் கூட்டிக்கொண்டு போகலாம், கழித்துக்கொண்டு திரும்பி வர முடியாது. பரவிய சூட்டைப் பழைய இடத்துக்கு அனுப்ப வழியில்லை. முன்னால் மட்டும் போகும் இந்த ஏற்பாட்டைத்தான் அரைக்கூட்டம் என்கிறோம். பின்னாலும் போக முடிந்திருந்தால் முழுக்கூட்டம். கம்பியின் தொடக்க நிலையை ஒன்றோடொன்று மோதாத துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டும் தனக்கென்று ஒரு வேகத்தில் மங்கிப்போவதைப் பார்ப்பதற்குப் பெயர் நிமிர்கோண விரிவு. நல்ல அயலவர்கள் மாதிரி, ஒன்றின் கணக்கில் மற்றது தலையிடாது.

இனி, நான் ஆராயும் சதுரச் சார்பு என்ற கணக்கு. கம்பியின் ஓர் இடத்தில் நின்றுகொண்டு, ஒவ்வொரு கணமும் அந்த இடம் எவ்வளவு வேகமாக மாறுகிறது என்று பார்க்கிறோம். சூடேறினால் நேர், ஆறினால் மறை. இவற்றை அப்படியே கூட்டினால் ஒன்றை மற்றது வெட்டிவிட்டு, ஒன்றுமே நடக்காததுபோல ஒரு விடை வரும். வீட்டிலிருந்து தொலைபேசியில் சுகமா என்று கேட்டால், அழுத நாளையும் சிரித்த நாளையும் கூட்டிக்கழித்து "ஓம், சுகம்" என்கிறோமே, அந்த மாதிரி விடை. அதனால் ஒவ்வொரு மாற்றத்தையும் முதலில் வர்க்கித்துவிடுகிறோம், பிறகு கூட்டுகிறோம், கடைசியில் வர்க்கமூலம் எடுக்கிறோம். எதுவும் எதையும் வெட்ட முடியாது. இப்படி வரும் தொகை, தொடக்க நிலையின் அளவோடு ஒப்பிட்டால் மிதமிஞ்சிப் பெரிதும் இல்லை, மிதமிஞ்சிச் சிறிதும் இல்லை என்பதுதான் தேற்றம். ஒரு பொருள் எப்படியெல்லாம் மாறியது என்பதை மட்டும் பார்த்தே அது முதலில் எவ்வளவு பெரியதாக இருந்தது என்று சொல்லிவிடலாம். நான் இந்தத் துறைக்குள் வந்ததற்கு இந்த ஒரு வசனம் போதுமான காரணம்.

இன்னொரு விசயமும் இருக்கிறது. கூட்டும்போது எல்லாக் கணத்துக்கும் ஒரே நிறை கொடுப்பதில்லை. கடந்துவந்த காலத்தால் வகுத்து நிறை கொடுக்கிறோம். முதலாம் நாளிலிருந்து இரண்டாம் நாள் வரைக்கும் எவ்வளவு நிறையோ, முதலாம் வருடத்திலிருந்து இரண்டாம் வருடம் வரைக்கும் அதே நிறை. பாடப்புத்தகத்தில் இதற்கு நல்ல காரணம் இருக்கிறது. ஆனால் நான் அதை நம்பியது இங்கே வந்தபிறகுதான். முதல் வாரத்தில் துணி தோய்க்கும் இயந்திரத்தின் கதவைத் திறக்கத் தெரியாமல் நின்றது, பாண் என்று நினைத்து வாங்கியதற்குள் கசகசா இனிப்பு இருந்தது, தெரியாத மனிதர்கள் மின்தூக்கியில் ஏறும்போது வணக்கம் சொல்லி இறங்கும்போது விடையும் பெற்றுக்கொண்டது எல்லாம் சேர்ந்து எவ்வளவு கனத்ததோ, பிறகு ஒரு முழு வருடம் அவ்வளவுதான் கனத்தது. புதிதாக வந்திருப்பவர்கள் யாராவது இதை வாசித்தால் இந்தக் கணக்கை நம்பலாம்.

போன ஆனி மாதம், மாக்டா என் ஆய்வேட்டின் முக்கியமான அத்தியாயத்தைத் திருப்பித் தந்தார். அதில் ஓரிடத்தில் C என்ற எழுத்தைச் சுற்றிப் பென்சிலால் ஒரு வட்டம். கீழே சின்னதாக ஒரு கேள்வி: எதைச் சார்ந்தது?

இதை விளக்க எங்கள் தொழிலின் ஒரு பழக்கத்தைச் சொல்ல வேண்டும். நாங்கள் எழுதும் கட்டுரைகளின் முன்பக்கத்தில் பெரும்பாலும் ஒரு வசனம் இருக்கும். C என்பது ஒரு நேர் மாறிலி, அதன் பெறுமானம் வரிக்கு வரி மாறலாம் என்று. மாறிலி என்று பெயர் வைத்துவிட்டு மாறலாம் என்று சொல்வதைக் கேட்டு வெளியாட்கள் சிரிப்பார்கள். எங்களுக்குச் சரியான எண் தேவையில்லை. ஏதோ ஓர் எண்ணுக்குள் அடங்குகிறது என்று தெரிந்தால் போதும். அதனால் இரண்டு, ஏழு, π என்ற எண்ணின் வர்க்கமூலம் என்று வருகிற எல்லாவற்றையும் C என்ற ஒரே சாக்குக்குள் போட்டுக் கட்டிவிட்டு அடுத்த வரிக்குப் போவோம். வேலை வேகமாக நடக்கும். சாக்குக்குள் என்ன இருக்கிறதென்று யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

என் அத்தியாயத்தில் இருப்பது ஒரு கம்பியல்ல, கம்பிகளின் ஒரு குடும்பம். அல்பா என்ற பரமானத்தின், அதாவது நாங்களே தெரிவுசெய்யும் ஓர் எண்ணின், ஒவ்வொரு பெறுமானத்துக்கும் ஒவ்வொரு சூடு பரவும் முறை. ஒவ்வொன்றுக்கும் தனித்தனி மாறிலியோடு தேற்றம் உண்மை என்பது முன்பே தெரிந்த செய்தி. எல்லாவற்றுக்கும் ஒரே மாறிலி போதும், அல்பா எவ்வளவு பெரிதானாலும் போதும் என்பது நான் சொன்ன புதுச்செய்தி. அத்தியாயத்தில் அதைத் தவிர வேறொன்றும் இல்லை. மாக்டா வட்டம் போட்ட C-ஐப் பிரித்துப் பார்த்தேன். உள்ளே அல்பாவின் வர்க்கமூலம் உட்கார்ந்திருந்தது. அல்பா வளர வளர அதுவும் வளரும். அதாவது அது மாறிலியே இல்லை, என் செய்தியும் செய்தியே இல்லை.

ஒக்டோபரில் இடைக்கால மதிப்பீடு இருந்தது. அதில் தேறாவிட்டால் ஆய்வு மாணவி என்ற இடம் போகும், அதோடு உதவித்தொகை, அதோடு கார்த்தா போபித்து எனப்படும் வதிவிட அட்டை. ஒரு முடிச்சை அவிழ்த்தால் மூன்றும் விழும். இப்போதைக்கு வேறு எதையாவது காட்டலாமா என்று கேட்டேன். காட்டுவதற்கு வேறு எதுவும் இல்லையே என்றார் மாக்டா. அது உண்மை. "கோடையில் ஓய்வெடு, அல்லது இதைச் சரிசெய். இரண்டையும் ஒன்றாகச் செய்யப் பார்க்காதே" என்றார். நான் ஏற்கெனவே ஊருக்கு ரிக்கெட் எடுத்திருந்தேன்.

தீவின் கிழக்குக் கரையில் என் ஊரான குருக்கள்மடத்தில் எங்கள் வீடு பெருந்தெருவுக்கு வாவிப் பக்கம். வீட்டில் அம்மா, அப்பா. நான் ஒரே பிள்ளை. எங்கள் பக்கத்து வழக்கம் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: அங்கே வீடு மகளுக்குத்தான். கல்யாணம் முடித்தால் ஆண் தன் ஊரை விட்டுப் பெண்ணின் வீட்டுக்கு வருவான். பெண் பிறந்த இடத்திலேயே இருப்பாள். அதனால் ஒரு மகன் கட்டாருக்கோ கனடாவுக்கோ போனால் யாரும் வியப்பதில்லை, ஆண்கள் எப்படியும் இடம் மாறுகிறவர்கள். மகள் போனால்தான் வீடு என்ன செய்யும் என்ற கேள்வி வருகிறது. அம்மா அதை நேரே கேட்க மாட்டா. பின்விறாந்தைக்குச் சீலிங் அடிப்பதா விடுவதா என்று கேட்பா.

விமான நிலையத்திலிருந்து வந்து நான் முகம் கழுவுவதற்குள் அம்மா என் முகத்தைப் பார்த்து விசயத்தைக் கறந்துவிட்டா.

"அப்ப நீ பிழையா எழுதிப்போட்டாய், அதானே?"

"பிழையெண்டு இல்லம்மா. ஒரு இடத்தில நிறுவல் காணாது."

"காணாதெண்டா இன்னும் கொஞ்சம் எழுதன் புள்ள. நீ சின்னனிலயும் இப்பிடித்தான், சுறுக்கா முடிச்சுப்போட்டு எழும்பிருவாய்."

மாக்டா வட்டத்தால் சொன்னதை அம்மா வாயால் சொல்லிவிட்டா என்று தோன்றியது. அதற்குள் ஒழுங்கை முழுவதும், மகள் வெளிநாட்டில் வெக்கையைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறாள் என்று செய்தி பரவியிருந்தது. சூடு பரவுவதை விட அது வேகம். வந்தவர்கள் எல்லோரும் இந்த வருடம் ஏன் இவ்வளவு வெக்கை என்று என்னிடம் கேட்டார்கள். ஒருவர் தகரக் கூரைக்கு எந்த நிறப் பூச்சுப் பூசலாம் என்றும் கேட்டார். வெள்ளை என்றேன். அந்தக் கோடையில் நான் ஐயமில்லாமல் சொன்ன ஒரே விடை அதுதான்.

அப்பாவோடு கதைப்பது எனக்குச் சுகம். எங்கள் வீட்டில் எனக்கு முன்பே புலம்பெயர்ந்தவர் அவர். சித்தாண்டியில் பிறந்து, கல்யாணத்தோடு அம்மாவின் வீட்டுக்கு வந்தவர். அவருடைய வயல் இன்னும் சித்தாண்டி வட்டையில்தான். வேளாண்மைக் காலத்தில் பாதி நாள் அங்கே, பாதி நாள் எங்கள் வீட்டில். குருக்கள்மடத்துச் சந்தியில் அவரைச் சித்தாண்டியார் என்றுதான் கூப்பிடுவார்கள். ஆடி அமாவாசைக்கு நாங்கள் மூன்று பேரும் அமிர்தகழிக் கோயிலுக்குப் போனோம். மாமாங்கக் குளத்தில் அப்பா தன் தகப்பனுக்குத் தீர்த்தமாடிவிட்டு ஈர வேட்டியோடு வந்தபோது, அவருடைய சித்தாண்டி மச்சான் ஒருவர் சனத்துக்கு நடுவிலிருந்து கைகாட்டினார்.

"ஆ, குருக்கள்மடத்தார் வந்திட்டார். வழி விடுங்க, வழி விடுங்க."

அப்பாவுக்கு அது பகிடி. "பாத்தியா மகள், அங்க போனா ஒரு பேர், இஞ்ச வந்தா ஒரு பேர்" என்று தலையைத் துவட்டிக்கொண்டே சிரித்தார். நான் அவரிடம், கவலையாக இருக்காதா என்று கேட்டேன். "ஆரு எங்க நிண்டு கூப்பிடுறான் எண்டு தெரிஞ்சாச் சரிதானே" என்றார். பிறகு கடலைக்காரியிடம் விலை பேசப் போய்விட்டார். அவர் எனக்குப் புத்தி சொல்லவில்லை, காலில் மணல் சுட்டதால் நிற்க முடியவில்லை, அவ்வளவுதான். ஆனால் பஸ்ஸில் திரும்பும்போது அவர் சொன்னது என் தலைக்குள் நின்றுகொண்டே வந்தது.

நான் வேலை செய்தது காத்தான்குடியில், றிஸ்னாவின் சாப்பாட்டு மேசையில். றிஸ்னாவும் நானும் பல்கலைக்கழகத்தில் ஒரே வகுப்பு. கணிதச் சிறப்புப் பட்டத்தில் எனக்கு முன்னால் வந்தவள் அவள்தான். வெளிநாட்டுக்கு விண்ணப்பிக்கச் சொல்லி நான் கெஞ்சியும், படிப்பிக்கத்தான் ஆசை என்று உயர்தரப் பிள்ளைகளுக்கு இணைந்த கணிதம் எடுக்கப் போய்விட்டாள். அவள் கணவர் கட்டாரில். அவளுடைய உம்மா குசினிக்கும் மேசைக்கும் இடையே பிளேன்ரீயும் தொதல் இனிப்புமாக நடந்துகொண்டிருப்பா. குருக்கள்மடத்திலிருந்து பஸ்ஸில் ஏறினால், கொஞ்ச நேரத்தில் பள்ளிவாசல் மினாராக்கள் தெரியத் தொடங்கும். பாடசாலை விட்டு அவள் வந்ததும் உட்காருவோம்.

முதல் நாளே என் அத்தியாயத்தைப் புரட்டிவிட்டு றிஸ்னா முகம் சுளித்தாள்.

"இதென்னகா, ஒரு பக்கத்தில இத்தின C? எல்லாம் ஒரே ஆளா?"

"இல்ல. வரிக்கு வரி வேற."

"வேறெண்டா வேற பேர் வைக்கோணும். எங்கட புள்ளையள் இப்பிடி எழுதினா நான் புள்ளி போடமாட்டன்."

"அங்க எல்லாரும் இப்பிடித்தான் எழுதுவாங்க."

"அதான் ஒருத்தருக்கும் புள்ளி இல்ல எண்டுறன்."

அவள் சொன்னது கிண்டலுக்கு. எனக்கு வேறு வழி தெரியாததால் அதையே செய்தோம். முதல் பக்கத்திலிருந்து ஒவ்வொரு C-க்கும் கீழே ஓர் இலக்கம் போட்டு, எதைச் சார்ந்தது என்று பக்கத்தில் எழுதினோம். எனக்குப் பட்டியல் போடுவது பிடிக்கும். பயணப் பைக்கும் போடுவேன், பயத்துக்கும் போடுவேன். இருந்தாலும் இது அலுப்பான வேலை. அவள் வாசிக்க நான் எழுதுவேன். C ஒன்று, C இரண்டு என்று அவள் ராகம் போட்டு வாசித்ததை உள்ளேயிருந்து கேட்ட உம்மா, கரண்டியோடு வந்து, என்ன அருவருப்பைக் கண்டு இரண்டு பேரும் இப்படிச் சீ சீ என்கிறீர்கள் என்று கேட்டா. றிஸ்னா சிரித்த சிரிப்பில் பக்கத்து வளவுக் கோழி ஓடியது.

சிரித்தாலும் நாட்கள் போய்க்கொண்டிருந்தன. அல்பாவின் வர்க்கமூலம் இருந்த இடத்தில் அப்படியே இருந்தது. அதைக் குறைக்க நான் செய்த முயற்சிகள் எல்லாம் இன்னொரு இடத்தில் அதைக் கூட்டின. அடுக்குக்குறியில்தான் பிழை என்று றிஸ்னா உறுதியாகச் சொன்னாள். ஒரு முழுப் பின்னேரம் அதைத் துரத்திவிட்டு, பிழை இல்லை என்று கண்டோம். அன்று அவள் பேனையை மூடிவைத்துவிட்டு, அல்பாவை ஓர் எல்லைக்குள் வைத்துக்கொண்டால் என்ன என்று கேட்டாள். "பத்துக்குக் கீழ எண்டு போட்டுட்டு விடன் புள்ள. உண்மைதானே அது?"

உண்மைதான். அப்படிப் போட்டால் நிறுவலில் ஓட்டை இல்லை. ஆனால் அது முன்பே தெரிந்த உண்மை. என் பெயரைப் போட்டு இன்னொருவருடைய வீட்டுக்குள் குடியிருப்பதுபோல. மதிப்பீட்டுக் குழுவில் இருப்பவர்கள் முதல் பக்கத்திலேயே கண்டுபிடிப்பார்கள். அதை அவளிடம் சொன்னேன். வேண்டாம் என்று அத்தியாயத்தை மூடினேன். வேண்டாம் என்றால், ஒக்டோபரில் கையில் ஒன்றுமில்லாமல் போய் நிற்கவும் கூடும்.  "சரி, மறுகா வாசிப்பம்" என்று றிஸ்னா தாள்களைத் திரும்பவும் இழுத்தாள்.

இந்த முறை அவள் வேகமாக வாசிக்கவில்லை. பத்தாவது பக்கத்துக்கு முன்னால் ஒரு காரணியில் நின்றாள். அது காமா (Γ) என்ற கிரேக்க எழுத்தால் குறிக்கும் இரண்டு சார்புகளின் விகிதம். சூடு பரவும் விதத்தைச் சொல்லும் கரு என்ற சார்பை ஒரு தொகையீடாக எழுதும்போது முன்னால் வந்து ஒட்டிக்கொள்வது. நான் அதை, ஒன்றை விடச் சிறியது, ஆகவே C என்று எழுதிக் கடந்துபோயிருந்தேன்.

"இது ஒண்டுக்குக் கீழ எண்டு போட்டிருக்காய்."

"ஓம், அது கரைச்சல் இல்லாதது. வளராது."

"வளராதெண்டு விளங்குது. எவ்வளவு கீழ?"

 நான் அதைப் பார்த்ததே இல்லை. எங்கள் தொழிலில் பெரிதாகும் மாறிலிகளைப் பார்த்துத்தான் பயப்படுவோம். சிறியதை ஒன்று என்று மட்டுக்கட்டிவிட்டு மறந்துவிடுவோம், அதனால் யாருக்கும் தீங்கில்லை என்பதால். பேனையை எடுத்து, அல்பா பெரிதாகும்போது அந்த விகிதம் எங்கே போகிறது என்று கணித்தேன். அது ஒன்றுக்குப் பக்கத்தில் நிற்கவில்லை. அல்பாவின் வர்க்கமூலத்தால் ஒன்றை வகுத்தால் வருவதைப்போலச் சிறுத்துக்கொண்டே போனது. பின்னால் வரும் பக்கம் ஒன்றில் என்னை இத்தனை நாளாக ஏமாற்றிக்கொண்டிருந்த வர்க்கமூலத்தைச் சரியாக வெட்டுவதற்கு அளவெடுத்துத் தைத்ததுபோல அது இருந்தது. எனக்குத் தேவையானதை நானே கழித்து எறிந்துவிட்டு, பல பக்கம் தள்ளிப்போய் அது இல்லையே என்று தவித்திருக்கிறேன்.

றிஸ்னா இரண்டு தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். "சத்தம் போடுற புள்ளையளோடயே மாரடிச்சு, மூலையில சும்மா இருந்த புள்ளைய நீ பாக்கல்ல" என்றாள். "எனக்கும் வகுப்பில இது நடக்கிறதுதான்."

அதோடு முடிந்துவிடவில்லை. தூக்கி எறிந்த காரணியை அதன் இடத்தில் வைத்துக்கொண்டு, எல்லாப் பக்கங்களையும் திரும்ப எழுத வேண்டியிருந்தது. சதுரச் சார்புக்குக் காலத்தைக் குறித்த வகையீடு எடுக்கும்போது அது இன்னொரு வடிவத்தில் தலைகாட்டியது. அதையும் சமாளிக்க வேண்டியிருந்தது. மிச்ச விடுமுறை அதற்குள் போனது. அம்மாவுக்கு நான் வீட்டில் இருக்கிறேனா இல்லையா என்பது புரியவில்லை. ஆனால் பின்விறாந்தைக்குச் சீலிங் அடிப்போம் என்று நானாகச் சொன்னபோது, யார் இருக்கப் போகிறார்கள் என்று கேட்காமல், வெள்ளை நிறமா என்று மட்டும் கேட்டா.

ஒக்டோபரில் மதிப்பீடு நடந்தது. குழுவில் இருந்தவர்களில் ஒருவர் வேறு நகரத்திலிருந்து வந்த முதியவர், காது கொஞ்சம் மந்தம். நான் காரணியைப் பலகையில் எழுதியதும் அவர் கையை உயர்த்தி, வழக்கமாக யாரும் இதை வைத்துக்கொள்வதில்லையே, நீங்கள் ஏன் வைத்தீர்கள் என்று கேட்டார். எல்லா மாறிலிகளுக்கும் பெயர் வைத்து, எதைச் சார்ந்தது என்று எழுதிப் பார்த்ததாகச் சொன்னேன். "சலிப்பான வேலை" என்றார். ஆம், சலிப்பான வேலைதான் என்றேன். அவர் ஏதோ எழுதிக்கொண்டார். பாராட்டா, இரங்கலா என்று எனக்குத் தெரியவில்லை. போலந்து முகங்களை வாசிக்க நான் இன்னும் பழகவில்லை. என்னை வெளியே அனுப்பிவிட்டுக் கதைத்தார்கள். திரும்பக் கூப்பிட்டபோது மாக்டாதான் கதவைத் திறந்தார். எனக்கு முன்னால் ஒரு கதிரையை இழுத்துவிட்டார். தேறியிருக்கிறேன் என்பதை நான் அந்தக் கதிரையிலிருந்தே தெரிந்துகொண்டேன்.

இப்போது கார்த்திகை. அத்தியாயத்தைக் கட்டுரையாக எழுதி மாக்டாவுக்கு அனுப்பியிருக்கிறேன். கடைசியில் நன்றி சொல்ல ஓர் இடம் உண்டு. றிஸ்னாவிடம் பெயரைப் போடட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்று சொல்வாள் என்று நினைத்தேன். "போடு. போட்டா ஊரையும் போடு. வெறும் றிஸ்னா எண்டா ஆருகா அது? காத்தான்குடி எண்டு சேர்த்துப் போடு" என்றாள். அப்படியே போட்டேன். தலைப்புக்குக் கீழே என் பெயர், அதன் கீழே இந்த நகரத்தின் பெயர். இருபத்தைந்து பக்கம் தள்ளி, கடைசி வரியில் காத்தான்குடி.

நேற்று மாக்டா என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். திரையில் அந்தக் கடைசி வரி இருந்தது. இது எந்த நிறுவனம் என்று கேட்டார். நிறுவனம் இல்லை, ஊர் என்றேன். அங்கே கணித ஆய்வுக்கூடம் ஏதும் இருக்கிறதா என்றார். ஒரு சாப்பாட்டு மேசை இருக்கிறது என்றேன். அவர் சிரிக்கவில்லை. அப்படியே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டு, வரைபடத்தைத் திறந்து, நான் உச்சரிக்க உச்சரிக்க எழுத்துக் கூட்டித் தேடினார். தீவு வந்தது, பிறகு அதன் கிழக்குக் கரை, பிறகு கடலுக்கும் வாவிக்கும் இடையில் ஒரு நீண்ட மெல்லிய நிலப்பட்டி. இரண்டு பக்கமும் தண்ணீரா என்று கேட்டார். உங்கள் வீடு இதில் எங்கே என்றார். நான் திரையில் விரலை வைத்தேன். என் விரல்நுனி காத்தான்குடிக்குத் தெற்கே கடலையும் தெருவையும் வாவியையும் ஒன்றாக மூடிக்கொண்டது. அவர் யன்னலைப் பார்த்தார். வெளியே முதல் பனி, திராம்வண்டித் தண்டவாளங்களில் தங்காமல் கரைந்துகொண்டிருந்தது.

"இப்போது அங்கே மழைக்காலமா?" என்று கேட்டார்.

"ஓம்" என்றேன். எந்த மொழியில் சொன்னேன் என்பதை நான் கவனிக்கவில்லை. அவர் தலையாட்டிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போனார்.